பழைய கார்களில் கியர் ரிடக்‌ஷன் ஸ்டார்ட்டர்

கம்பெனியிலிருந்து வந்த கனத்த செல்ஃப் மோட்டாரைக் கழற்றிவிட்டு, உள்ளே கியர் வைத்த சிறிய மோட்டாரை மாட்டுவது பழைய கார் வைத்திருப்போர் அடிக்கடி செய்யும் மாற்றங்களுள் ஒன்று. அதை விளக்க பிரிட்டனின் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் நல்ல எடுத்துக்காட்டு. 1962 முதல் 1980 வரை ஆபிங்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான இந்தக் காரில் இருப்பது 1,798 சிசி பி-சீரிஸ் இன்ஜின். அம்பாசடரில் பல்லாண்டு ஓடிய 1,489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதே குடும்பம்தான். அம்பாசடரைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்குக்கு இங்கே வரும் பாகங்கள் பலவும் தெரிந்தவையாகவே இருக்கும்.

காரில் மின்சார ஸ்டார்ட்டரை நிலைநாட்டியவர் சார்லஸ் கெட்டரிங். 1912இல் கேடிலாக் கார்களில் அவருடைய அமைப்பு வந்தது. இன்ஜினைச் சுழற்றும் இரும்புக் கைப்பிடி எதிர்த்து அடித்துக் கையை முறிக்கும் ஆபத்து அதோடு குறையத் தொடங்கியது. அடுத்த அரை நூற்றாண்டில் வந்த பெரும்பாலான மோட்டார்களில் ஆர்மேச்சரும் பினியனும் ஒரே தண்டில் இருந்தன. குறைந்த வேகத்தில் அதிக முறுக்குவிசை வேண்டுமென்றால் செம்பும் இரும்பும் நிறைய வேண்டும். எம்.ஜி.பி.யில் வந்த பழைய லூகாஸ் மோட்டார்கள் அவ்வளவு கனமாக இருந்ததற்கு அதுவே காரணம்.

1962இல் கிறைஸ்லர் வேறு வழியில் போனது. சிறிய மோட்டாரை வேகமாகச் சுழலவிட்டு, கியர் மூலம் வேகத்தைக் குறைத்து முறுக்கைக் கூட்டியது. பின்னர் ஜப்பானின் டென்சோ, மோட்டார் தண்டுக்குப் பக்கவாட்டில் கியர் வைத்த வகையைப் பரப்பியது. ஜெர்மனியின் போஷ், நிரந்தரக் காந்தமும் கோள் கியரும் கொண்ட வகையைக் கொண்டுவந்தது. பழைய கார்களுக்கென இன்று விற்கும் சிறிய ஸ்டார்ட்டர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றை எடுத்து, அந்தந்த இன்ஜினுக்கேற்ற அலுமினிய முகப்போடு பொருத்தியவை. எடை பழையதில் ஏறக்குறைய பாதி.

எந்த வகையை வாங்குவது என்பதில் கவனம் தேவை. 1967 வரை வந்த எம்.ஜி.பி.களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். பழைய லூகாஸ் மோட்டாரில் ஃபீல்டு காயிலும் ஆர்மேச்சரும் தொடராக இணைந்திருக்கும். பேட்டரி முனைகளை மாற்றிக் கொடுத்தால் இரண்டின் காந்தப்புலமும் சேர்ந்தே திரும்பும், ஆகவே சுழலும் திசை மாறாது. நிரந்தரக் காந்த மோட்டாரில் காந்தம் அப்படியே நிற்க ஆர்மேச்சர் மட்டும் திரும்புகிறது. மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். பினியனில் உள்ள ஒருவழி கிளட்ச் அந்தத் திசையில் பிடிக்காது. மோட்டார் இரைகிறது, இன்ஜின் அசைவதில்லை. வாங்கியவர் மோட்டாரைப் பழுது என்று திருப்பி அனுப்புவது இப்படித்தான். பாசிட்டிவ் எர்த்தை அப்படியே வைத்துக்கொள்ள விரும்புபவர் ஃபீல்டு காயில் உள்ள டென்சோ வகையை வாங்க வேண்டும். நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றத் துணிந்தால் டைனமோவுக்குப் புதிய முனைப்பு ஏற்ற வேண்டும், இக்னிஷன் காயிலின் இரு சிறு வயர்களை இடம் மாற்ற வேண்டும், டேகோமீட்டருக்குள்ளும் திருத்தம் தேவைப்படும்.

அடுத்தது வயரிங். ஆரம்பகால எம்.ஜி.பி.யில் சோலனாய்டு மோட்டாரிலிருந்து விலகி, இன்ஜின் அறையின் பக்கச் சுவரில் தனியாக இருக்கும். புதிய ஸ்டார்ட்டருக்கோ முதுகிலேயே சோலனாய்டு உண்டு. அதன் பெரிய முனையையும் சிறிய முனையையும் துண்டு வயரால் இணைத்துவிட்டு, பழைய கேபிளையே மாட்டும் சுருக்கு வழி ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. அதைத் தவிர்ப்பது நல்லது. சாவியை விட்ட பிறகும் நிரந்தரக் காந்த மோட்டார் சற்று நேரம் சுழன்றபடி ஜெனரேட்டராக வேலை செய்யும். அந்த மின்சாரமே சோலனாய்டைப் பிடித்து வைத்திருக்க, பினியன் உடனே பின்வாங்காது.

சரியான வழியும் எளிதுதான். பேட்டரி கேபிள் வந்து சேரும் பழைய சோலனாய்டின் போல்ட்டிலிருந்து புதிய தடித்த கேபிள் ஒன்று நேராக ஸ்டார்ட்டரின் பெரிய முனைக்குப் போக வேண்டும். காரின் மற்ற மின்சாதனங்களுக்குப் போகும் பழுப்பு வயர்கள் அதே போல்ட்டில் இருக்கலாம். பழைய சோலனாய்டின் மறுபக்க போல்ட்டிலிருந்து சிறிய வயர் ஒன்று புதிய ஸ்டார்ட்டரின் சிறு முனைக்கு. பழைய சோலனாய்டு இனி ரிலேவாக உழைக்கும்; புதிய சோலனாய்டு இழுக்கும் கணிசமான மின்சாரத்தைச் சாவி ஸ்விட்சு தாங்க வேண்டியிருக்காது. இந்த ஏற்பாட்டில் தடித்த கேபிளில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஆகவே ரப்பர் உறை போட்டு, உடலில் உரசாமல் கிளிப் வைத்துக் கட்டுவது கட்டாயம்.

ஃப்ளைவீல் ரிங்கின் பற்களையும் பார்த்தாக வேண்டும். பழைய பென்டிக்ஸ் வகையில் பினியன் மோட்டாரை நோக்கி உள்ளே வந்து கவ்வும், 1967க்குப் பிந்தைய வகையில் வெளியே தள்ளப்பட்டுக் கவ்வும். பற்களின் சரிவு வெட்டப்பட்ட பக்கம் அதற்கேற்ப மாறும். இது பொருந்தாவிட்டால் சில மாதங்களில் பல் தேயத் தொடங்கும்.

ஆனால் பணத்தை எடுக்கும் முன் மல்டிமீட்டரை எடுப்பது முக்கியம். எம்.ஜி.பி.யின் பேட்டரிகள், முதலில் இரண்டு 6 வோல்ட், பிறகு ஒற்றை 12 வோல்ட், இருக்கைகளுக்குப் பின்னால் இருப்பவை. கேபிள் காரின் நீளத்தில் பெரும்பகுதி கடந்து வருகிறது. இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டை அரித்திருந்தால் மின்சாரம் சோக் கேபிள் வழியே திரும்பும். அந்தக் கேபிள் தொட முடியாதபடி சூடேறும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் எர்த் முனைக்கும் மோட்டார் உடலுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த்தில்தான். பட்டையை மாற்றியதுமே பழைய மோட்டார் நன்றாகச் சுற்றிய கார்கள் ஏராளம்.

பொருத்தும் வேலையில் தொல்லை தருவது மேல் போல்ட். டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கீழே, கை நுழையாத இடம். நீண்ட எக்ஸ்டென்ஷன் வேண்டும். சிறிய மோட்டார் வந்ததும் அந்த இடமே விசாலமாகிவிடும். பேட்டரியை மாட்டி முதல்முறை சாவியைத் திருப்பும்போது பழைய லூகாஸின் ‘டங்’ என்ற அடிக்குப் பதிலாகக் கூர்மையான இரைச்சல் கேட்கும்; அது இந்த வகையின் இயல்பு. இன்ஜின் ஓடத் தொடங்கிச் சாவியை விட்ட பின்னும் அந்த இரைச்சல் தொடர்ந்தால் பினியன் ரிங்கிலிருந்து விலகவில்லை என்று பொருள். உடனே இன்ஜினை நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி, சிறு முனைக்குப் போகும் வயரிலிருந்து சோதனையைத் தொடங்க வேண்டும்.