தறிக்குழியிலிருந்து செயலிவரை: ஐயம்பேட்டையில் கூலியின் கதை

ஐயம்பேட்டையில் தறிச் சத்தம் குறைந்த வீடுகளின் பிள்ளைகளை இன்று உணவுப் பையோடு பைக்கில் பார்க்கிறோம். புது வேலை என்கிறார்கள். கூலி முறை மட்டும் நமக்குப் பழக்கமானது.

காஞ்சிபுரம் பட்டில் நெசவாளர் பலருக்கும் சேலைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. பட்டும் சரிகையும் முதலாளி தருவார். நெய்து கொடுத்த சேலையை எடை போட்டு, குறை கண்டால் கூலியில் பிடித்துக்கொள்வார். தறிக்குழியில் மழை ஈரம் ஏறி வேலை நின்றால் நஷ்டம் நெசவாளருக்கு. இன்று பைக்கும் பெட்ரோலும் செல்போனும் ஓட்டுபவர் செலவு. ஆர்டர் வராத நேரத்துக்குக் காசில்லை.

பட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. கோர்வைச் சேலைக்கு மறுகரையில் நாடா போட இன்னொரு கை வேண்டும். நெடுங்காலம் அது சிறுவர் கை. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். 2003-ல் வெளிவந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கையிலும் காஞ்சிபுரத்துக் கொத்தடிமைச் சிறார்கள் இருந்தார்கள், தலித் குழந்தைகள் உட்பட.

ஆகவே, சாதி கேட்காமல் வேலை தரும் செயலி நம் இளைஞர்களை ஈர்ப்பதில் வியப்பில்லை. அந்த நிம்மதியை நாம் கேலி செய்ய மாட்டோம். ஆனால் செயலி கேட்காததை வாடிக்கையாளர் கேட்கிறார். 2022 ஜூனில் லக்னோவில், தலித் என்பதால் உணவை வாங்க மறுத்துத் தாக்கினார்கள் என்று ஒரு விநியோகத் தொழிலாளர் போலீசில் புகார் கொடுத்தார்.

கூலியில் பிடித்தம் என்றால் நெசவாளர் முதலாளி வீட்டு வாசலுக்குப் போய்க் கேட்கலாம். (நம்மவர் அந்த வாசலுக்கு வெளியே நின்றுதான் கேட்டார்கள், அது வேறு.) ஐடி முடக்கப்பட்டவருக்குப் போய் நிற்க வாசலே இல்லை. ஏன் ரேட்டிங் குறைந்தது, ஏன் கணக்கு மூடப்பட்டது என்று கேட்டால் செல்போனில் ஒரே பதில் திரும்பத் திரும்ப வருகிறது. பணம் குறைவு என்பதைவிட, காரணம் சொல்ல ஆளில்லை என்பதையே இவர்கள் பெரிய அநியாயமாகச் சொல்கிறார்கள்.

தமிழ்நாடு 2023-ல் இவர்களுக்கு நல வாரியம் அமைத்தது. 1982-ன் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமே அதற்கு அடிப்படை. கைத்தறி நெசவாளர் வாரியமும் அதே சட்டத்தின் பிள்ளைதான். விபத்துக்கும் மரணத்துக்கும் உதவி கிடைக்கும், நல்லது. கூலிக் கணக்கை வாரியம் கேள்வி கேட்காது. கர்நாடகத்தின் 2025 சட்டமோ, ஒருவரை நீக்க எழுத்தில் காரணமும் 14 நாள் அவகாசமும் தரச் சொல்கிறது. ஐயம்பேட்டைப் பிள்ளைகளுக்காக முதலில் அந்த ஒரு விதியை நாம் கேட்கிறோம்.