பிள்ளையார் கல்

கொல்லிமலைக்கு நான் போனது சாமி கும்பிட இல்லை, பழைய பொருள் தேடி. பித்தளைப் பூண் போட்ட மரக்கால், உப்பு மரவை, உலக்கை என்று வீட்டு அலமாரியை நிரப்பிக்கொண்டிருந்த காலம் அது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மலிவாக ஏதாவது கிடைக்கும் என்று ஒரு கணக்கு.

செம்மேட்டிலிருந்து உள்ளே நடந்துபோகையில் ஒரு பலாமரத்தடியில் சின்னக் கல் மாடம். மூன்று பலகைக் கல்லை நிறுத்தி மேலே ஒன்றை வைத்து மூடியிருந்தார்கள். உள்ளே சிலை எதுவும் இல்லை. கருப்பாய், வழவழப்பாய், உள்ளங்கை அளவில் 20, 30 கற்கள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் அகன்று கூராக இருந்தது, மறுபக்கம் சிறுத்திருந்தது.

சாமைக் காட்டிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் நின்றார். "இதான் எங்க பிள்ளையாரு தம்பி."

"எங்கிருந்து வந்துச்சுங்க அய்யா?"

"உழும்போது மேல வரும். மழை பேஞ்சா தெரியும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது. இங்க கொண்டாந்து வெச்சிருவோம். எடுத்துப் பாருங்க, ஆனா எடுத்த எடத்துலயே வெச்சிருங்க."

நான் கையில் எடுத்தது ஒரு கோடாரி. புதிய கற்காலத்துக் கைக்கோடாரி. கடினமான கருங்கல்லைத் தட்டிச் சில்லு பெயர்த்து, புள்ளி புள்ளியாகக் கொத்தி, கடைசியில் மணலும் தண்ணீரும் விட்டுப் பாறையில் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கியது. மரக்காம்பில் இறுக்கிக் கட்டினால் காட்டைத் திருத்தலாம். இரும்பு வந்ததும் கல்லை விட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, அது கோடாரி என்பதே மறந்துபோனது. ஐரோப்பாவிலும் இதே கதைதான். அங்கே இதை வானத்திலிருந்து விழுந்த இடிக்கல் என்று நம்பி, மின்னல் தாக்காமலிருக்க வீட்டில் வைத்துக்கொண்டார்கள். இங்கே பிள்ளையார் ஆக்கிவிட்டார்கள்.

இந்த வழக்கம் கொல்லிமலைக்கு மட்டும் உரியதில்லை. வடக்கே சேர்வராயன் மலையிலும் இதே மலையாளிப் பழங்குடி மக்கள்தான் வாழ்கிறார்கள். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில்தான் வாழ்ந்தார். மலையாளிகள் இந்தக் கற்களைப் பொறுக்கிக் கோயிலில் வைப்பதை அவரும் குறித்திருக்கிறார். தென்னிந்தியா முழுக்க அலைந்து அவர் சேர்த்த தொகுப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் வாங்கியது. அவர் 1912-இல் இறந்தார். அட்டவணை 1914-இல்தான் அச்சானது. அதில் கல்லுக்குப் பக்கத்தில் அது கிடைத்த ஊர் இருக்கிறது.

அதற்கும் முன்னாலேயே சேர்க்கத் தொடங்கியவர்கள் இந்த மலைக்காரர்கள். ஏடு இல்லை, எண் இல்லை. ஆனால் கல் மலையை விட்டு இறங்கவில்லை.

இதை அப்படியே புகழ்ந்துவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தேன். அடுத்த ஊர் விடவில்லை. அங்கே பிள்ளையாருக்குப் புதுக் கோயில். டைல்ஸ் தரை, பளபளவென்று புதுச் சிலை. பழைய கல்லெல்லாம் எங்கே என்று கேட்டேன். "அஸ்திவாரம் தோண்டுனப்ப மண்ணோட மண்ணா போயிருச்சுங்க" என்றார் ஒரு இளைஞர். அந்த நிமிஷம் ஃபூட்டின் அட்டவணை மேல் மரியாதை கூடியது. பக்தி காப்பாற்றியதைப் பக்தியே தொலைக்கவும் முடியும்.

ஆனால் இரண்டையும்விட மோசமான மூன்றாவது வழி ஒன்று உண்டு. அது என் வழி. மாடத்தடியில் பெரியவர் திரும்பி நடந்ததும் என் கை ஒரு கல்லோடு பைக்குள் போய்விட்டது. சின்னக் கல், குவியலில் ஒன்று குறைந்தால் யாருக்கும் தெரியாது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் எனக்குத் தெரியும். 100 வருஷம் தாண்டிய இப்படிப்பட்ட பொருளை உரிமம் இல்லாமல் விற்கக் கூடாது. நான் விற்கப் போவதில்லையே என்று மனசு வக்கீலாகிவிட்டது.

பத்தடி நடந்திருப்பேன். வீட்டு அலமாரியில் இதை வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பார்க்க வருபவர்கள் "அழகா இருக்கே" என்பார்கள். நான் போன பிறகு அது வெறும் கருப்புக் கல். எந்தக் காடு, எந்த மாடம், யார் கும்பிட்டது, எதுவும் அதன் மேல் எழுதியிருக்காது. அருங்காட்சியகத்தில் ஊர்ப் பெயர் இருக்கிறது. மாடத்தில் ஊரே இருக்கிறது. என் அலமாரியில் இரண்டும் இருக்காது.

திரும்பிப் போய் வைத்தேன். எடுத்த எடத்திலேயேதான் வைத்தேனா என்பது மட்டும் இன்றுவரை சந்தேகம்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரிப் பொருள்களுக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தேன். மரக்காலுக்கு எழுதியது: "சேலத்தில் கடையில் வாங்கியது. எந்த ஊர் நெல்லை அளந்தது என்று நான் கேட்கவில்லை." மொத்தம் 14 பொருள்கள். 11 சீட்டுகளில் அதே வரிதான்.