போர் குறித்த குடும்ப மௌனம்

போரில் பட்டதைப் பெரியவர்கள் பிள்ளைகளிடம் பேசாமல் விடுவதும், அந்த இடைவெளி அடுத்த தலைமுறையைத் தொடர்வதுமே இந்த மௌனம். விழுப்புரம் மாவட்டத்தில் இதற்கான களம், திண்டிவனத்துக்குத் தென்கிழக்கே கடற்கரைச் சாலையோரம் உள்ள கீழ்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் முகாம்.

1983 முதல் 2009 வரை இலங்கைப் போரிலிருந்து தப்பி அலை அலையாக வந்தவர்களுக்கு வாய்மூடி இருப்பதே பாதுகாப்பாக இருந்தது. 1991-இல் ராஜீவ் காந்தி கொலைக்குப்பின் கண்காணிப்பு இறுகியது. ஊர்ப்பெயரைச் சொல்வதே சந்தேகத்தைக் கிளப்பும் என்று அஞ்சினார்கள். யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், ஒதுங்கி மௌனமாக இருப்பது போர்ச்சூழலில் உயிர்பிழைக்கும் வழியாகி, பின் சமூகத்தின் இயல்பாகவே படிந்ததைப் பதிவு செய்தார். இதைக் 'கூட்டு மனவடு'வின் ஒரு வெளிப்பாடு என்பர்.

“அம்மப்பா எப்படிச் செத்தவர்?” என்று கேட்கும் பிள்ளைக்கு, “முதல்ல சாப்பிடு” என்பதே பதில். அச்சம் மட்டும் கைமாறுகிறது, காரணம் கைமாறுவதில்லை. இந்த மௌனம் மனதோடு நிற்பதுமில்லை; ஆவணங்களையும் தொடுகிறது. 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தவர்களுக்குப் பிறப்பால் மட்டும் இந்தியக் குடியுரிமை கிடையாது. இலங்கைக் குடியுரிமையைப் பதியப் பெற்றோரின் அந்நாட்டு ஆவணம் வேண்டும். பொலித்தீன் பைக்குள் மடங்கிக் கிடக்கும் பிறப்புச் சான்றிதழைத் தேடும்போதுதான், பலர் தாத்தாவின் ஊர்ப்பெயரையே முதன்முறை கேட்கிறார்கள்.