நான்கு துவக்குகள், ஒரே குழல் அளவு

நுவரெலியாவின் வேட்டை வரலாறு பேசப்படும்போதெல்லாம் சாமுவேல் பேக்கரின் 21 இறாத்தல் ரைபிள்தான் முன்னுக்கு வருகிறது. பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் செய்துகொடுத்த ஒற்றைக்குழல் துவக்கு அது. 1848இல் நுவரெலியாவில் குடியேறி 1855 வரை அங்கிருந்த பேக்கர், இலங்கை வேட்டை பற்றிய தம் நூலில் இதோடு இன்னொன்றையும் சொல்லியிருக்கிறார். என் கணிப்பில் அதுவே முக்கியமானது. இலங்கைக் காட்டுக்கு ஏற்றவை 10 முதல் 12 வரையான அளவில் நான்கு இரட்டைக்குழல் ரைபிள்கள். நான்கும் ஒரே குழல் அளவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து இடிக்கும்போது குழப்பம் வரும் என்கிறார். ஒற்றைக்குழலை அவர் பெரிதாக மதிக்கவில்லை. மலைநாட்டு யானை வேட்டையைக் கொடியதாக்கியது மிகப் பெரிய துவக்கு அல்ல, ஒன்றுக்கொன்று மாற்றாக நின்ற துவக்குகள்தான்.

காரணம் எளிது. ஓர் இறாத்தல் ஈயத்தில் எத்தனை உருண்டைக் குண்டு வார்க்கலாமோ, அந்த எண்ணே குழலின் அளவு. ஆகவே 10இன் குண்டு 12ஐவிடப் பெரியது. அது 12ஆம் குழலுக்குள் இறங்காது. 12இன் குண்டை 10இல் போட்டால் தளர்ந்து கிடந்து குறி தவறும். யானை திரும்பிப் பாயும் நேரத்தில், குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் இடித்துக் கொடுக்கும் துவக்குக்காரன் எந்தப் பையிலிருந்து எதை எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது. அன்றைக்கு விலைகொடுத்து வாங்கக்கூடிய பொருத்தம் இது ஒன்றுதான். வேட்டைத் துவக்கின் விசைப்பொறியைக் கைவினைஞர் அரம் கொண்டு ராவிச் செய்தார்கள். ஒன்றின் உறுப்பு இன்னொன்றில் அப்படியே அமராது. உறுப்புகளை மாற்றிப் பூட்டக்கூடிய அமெரிக்க ரைபிள்களை ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் நிறுவனம் 1851 லண்டன் கண்காட்சியில் வைத்தபோது இங்கிலாந்து வியந்து பார்த்ததும் அதனால்தான்.

இதற்கு மேஜர் ரோஜர்ஸைக் காட்டி மறுக்கலாம். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்து நுவரெலியாவில் புதைக்கப்பட்ட அவர், 1,400 யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. அப்படியானால் எல்லாம் மனிதரின் துணிச்சல்தானே? துணிச்சலை நான் மறுக்கவில்லை. ஆனால் இரட்டைக்குழல் இரண்டு வெடியோடு ஓய்ந்துவிடும். அடுத்த துவக்கை நீட்ட ஆளில்லாமல் எந்தத் துணிச்சலும் அந்த எண்ணிக்கையை எட்டியிருக்காது. அந்த ஆட்களின் பெயர்கள் புகழில் சேரவில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இன்னொரு மறுப்பு வலுவானது: மலைநாட்டு யானையை ஒழித்தது துவக்கா, கோப்பிக்கும் பின்பு தேயிலைக்கும் காடு வெட்டிய கோடரியா? கோடரியின் பங்கே பெரிது என்பதை ஏற்கிறேன். ஆயினும் இரண்டும் ஒரே ஆட்சியின் கைகள். அரசாங்கமே யானைக்குச் சன்மானம் வைத்தது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குப் பணம் கொடுக்கப்பட்டதாக இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் பதிவு செய்கிறார். அங்கே மலைத்தோட்டம் எதுவும் இல்லை.