கடல்வழிப் படையிறக்கம்

கப்பலிலிருந்து பகைவரின் கரையில் படையை இறக்கிப் போரிடும் முறை. எந்திரத் துப்பாக்கி வந்த பிறகு, கப்பலுக்கும் கரைக்கும் இடைப்பட்ட சில நூறு மீட்டர் தண்ணீரே தனிப் போர்க்களமானது.

1914 நவம்பரில், ஜெர்மானியர் வசமிருந்த கிழக்காப்பிரிக்கத் துறைமுகமான டாங்காவைப் பிடிக்க ஏறத்தாழ 8,000 பேர் கொண்ட பிரித்தானிய இந்தியப் படை சென்றது. பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63ஆம் காலாட்படையும் அதில் இருந்தது. எதிரே இருந்தவர்கள் சுமார் ஆயிரம் பேர். ஆனால் துறைமுகத்தைத் தாக்காதிருக்க முன்பு செய்த உடன்பாடு இனிச் செல்லாது என்று போர்க்கப்பல் தளபதியே நகருக்குச் சொல்லிவிட்டார். கிடைத்த அவகாசத்தில் ஜெர்மானியர் ரயிலில் படையைக் கொண்டுவந்து சேர்த்தனர். வந்தவர்கள் தோற்று மீண்டும் கப்பலேறினர்.

துருக்கியின் கலிப்பொலியிலும் இதே கதைதான். 1915 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நேச நாட்டுக் கடற்படை குண்டு வீசியது. படை இறங்கியதோ ஏப்ரல் 25 அன்று. இடையில் துருக்கியர் அரண்களைப் பலப்படுத்திக்கொண்டனர். இத்தோல்வியை அக்கறையோடு படித்தது அமெரிக்க மரைன் படை. படையிறக்கத்துக்கான அதன் கையேடு 1934இல் உருவானது.

அந்தக் கையேட்டுக்குக் கடுமையான சோதனை 1943 நவம்பர் 20 அன்று, பசிபிக்கில் ஜப்பானியர் வசமிருந்த தராவாவின் பெசியோ தீவில் வந்தது. கரையைச் சுற்றிப் பவளத்திட்டு. அதைத் தாண்டுமளவு நீர் ஏறும் என்ற கணக்கு பொய்த்தது. சங்கிலிச் சக்கரம் பூண்ட ஆம்டிராக் வண்டிகள் திட்டின் மேல் ஊர்ந்து போயின. ஹிக்கின்ஸ் எனும் படையிறக்கப் படகுகள் தட்டி நின்றுவிட்டன. மரைன்கள் துப்பாக்கியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, நெஞ்சளவு நீரில் குண்டுமழைக்குள் நடந்தனர். தலைமைக் கப்பல் மேரிலாண்டின் வானொலிக் கருவிகள் அதன் சொந்தப் பீரங்கி அதிர்விலேயே செயலிழந்தன. மூன்று நாள் சண்டையில் அமெரிக்கர் சுமார் ஆயிரம் பேர் மாண்டனர். அதன்பின் கரையோர ஆழத்தை முன்கூட்டியே அளந்து தடைகளைத் தகர்க்க நீச்சல் வீரர் அணிகள் அமைந்தன. போருக்கு முன்பே எளிதில் கிடைத்திருக்க வேண்டிய அறிவு இது. அதற்குக் கொடுத்த விலை அதிகம்.

1950 செப்டம்பர் 15 அன்று கொரியாவின் இஞ்சோனில் ஓத அட்டவணையே போர்த்திட்டமானது. அங்கே நீர்மட்டம் ஒன்பது மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும், வடிந்தால் சேறுதான். அமெரிக்க மரைன்கள் காலை ஓதத்தில் வோல்மி தீவையும், மாலை ஓதத்தில் நகரக் கரையையும் தாக்கினர். கடற்சுவரை ஏணி வைத்தே ஏறினர்.

1982 மே மாதம் ஃபாக்லாந்தில் பிரித்தானியர் இறங்கியது பெரிதும் எதிர்ப்பில்லாத கரையில். இடி பின்னால் விழுந்தது: அட்லாண்டிக் கன்வேயர் சரக்குக் கப்பல் ஏவுகணையால் தாக்கப்பட்டு, அதிலிருந்த சினூக் ஹெலிகாப்டர்களில் மூன்று எரிந்தன. அதனால் வீரர்கள் பலர் மூட்டை சுமந்து தலைநகர் ஸ்டான்லி நோக்கி நடந்தே போயினர்.

ஏவுகணை பெருகிய இக்காலத்தில் பெருங்கப்பல்களைக் கரையருகே குவிப்பது ஆபத்து. 2022 மார்ச்சில் ரஷ்யாவின் சரத்தோவ் என்ற படையிறக்கக் கப்பல் உக்ரைனின் பெர்தியான்ஸ்க் துறைமுகத்தில் நின்றபோதே அழிந்தது. அமெரிக்க மரைன் படை தன் டாங்கி அணிகளைக் கைவிட்டு, தீவுகளில் சிதறி நின்று ஏவுகணை வீசும் சிறு குழுக்களை 2020 முதல் அமைத்துவருகிறது.