செட்டிநாட்டு அரசர் குடும்பம்

செட்டிநாட்டு அரசர் குடும்பம் என்பது தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்தில் உள்ள கானாடுகாத்தானைப் பூர்வீகமாகக் கொண்ட நாட்டுக்கோட்டை நகரத்தார் வணிகக் குடும்பம் ஆகும். 1929 ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு இக்குடும்பத்தின் தலைவர் சர் அண்ணாமலை செட்டியாருக்குத் தலைமுறை உரிமையுடைய "ராஜா" பட்டத்தை வழங்கியது. இப்பட்டத்துடன் ஆட்சிப் பகுதியோ படையோ எதுவும் இணைந்திருக்கவில்லை. வட்டித் தொழிலிலும் வங்கித் தொழிலிலும் ஈட்டிய செல்வமும், கல்வி மற்றும் பொதுப்பணிகளுக்கு அளித்த கொடைகளுமே இதற்கு அடிப்படையாக அமைந்தன.

வணிகப் பின்னணி

நகரத்தார் தம் தொழிலைக் "கொண்டுவிற்றல்" என்று வழங்கினர். ஒவ்வொரு குடும்பமும் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளாலான "விலாசம்" ஒன்றால் அறியப்பட்டது. முதலாளி ஊரில் இருக்க, அயல்நாட்டுக் கடையை மேலாள் ஒருவர் நடத்துவார். அவருக்குக் கீழ் அடுத்தாளும், பெட்டியடிப் பையன்களும் பணிபுரிவர். மேலாள் தவணை முடிந்து ஊர் திரும்பிக் கணக்கு ஒப்படைப்பது வழக்கம். நம்பிக்கையையும் ஒழுங்கான ஏடுகளையும் சார்ந்த இம்முறையால், கடல் கடந்த ஊர்களிலும் முதலாளி நேரில் இல்லாமலே தொழில் நடத்த முடிந்தது.

1852 ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கீழைப் பர்மா பிரித்தானியர் வசமானது. ஐராவதி கழிமுகத்தில் நெல் வேளாண்மை விரிவடைந்தபோது, ஐரோப்பிய வங்கிகள் கடன் தர முன்வராத உழவர்களுக்கு நகரத்தார் கடன் அளித்தனர். இலங்கை, மலாயா, பர்மா ஆகிய நாடுகளில் பரவிய இத்தொழிலில் கானாடுகாத்தான் குடும்பமும் முன்னணியில் இருந்தது.

அண்ணாமலை செட்டியார்

முத்தையா செட்டியாரின் மகனாக அண்ணாமலை செட்டியார் 1881 செப்டம்பர் 30 அன்று பிறந்தார். 1906 இல் சென்னையின் ஆர்பத்நாட் வங்கி முறிந்து பலர் சேமிப்பை இழந்தனர். இதன் விளைவாக வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியால் 1907 இல் இந்தியன் வங்கி தோன்றியது. அண்ணாமலை செட்டியாரின் தமையனார் இராமசாமி செட்டியார் அதன் தொடக்க கால இயக்குநர்களுள் ஒருவர்.

கானாடுகாத்தானில் உள்ள செட்டிநாடு அரண்மனை 1912 இல் கட்டி முடிக்கப்பட்டது. பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் இதில் பயன்படுத்தப்பட்டுள்ளன.

1920 இல் சிதம்பரத்தில் அண்ணாமலை செட்டியார் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியை நிறுவினார். பின்னர் தமிழ், வடமொழி, இசை ஆகியவற்றுக்கும் கல்லூரிகளை ஏற்படுத்தினார். 1924 முதல் 1927 வரை மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக உ. வே. சாமிநாதையர் பணியாற்றினார். இக்கல்லூரிகளுடன் 20 இலட்சம் ரூபாயும் நன்கொடையாக வழங்கப்பட்டதைத் தொடர்ந்து, 1929 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. நிறுவனர் அதன் இணைவேந்தரானார். அவருடைய வழித்தோன்றல்களுக்கும் அப்பதவி சட்டத்தால் உரியதாக்கப்பட்டது.

கருநாடக இசை மேடைகளில் தெலுங்கு, வடமொழிப் பாடல்களே மிகுந்திருந்த நிலையை மாற்ற எழுந்த தமிழிசை இயக்கத்துக்கும் இவர் துணைநின்றார். 1941 இல் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு நடைபெற்றது. 1943 இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது. கல்கி, டி. கே. சிதம்பரநாத முதலியார் முதலியோர் இவ்வியக்கத்தை ஆதரித்து எழுதினர். அண்ணாமலை செட்டியார் 1948 சூன் 15 அன்று காலமானார். சென்னையிலுள்ள ராஜா அண்ணாமலைபுரம், ராஜா அண்ணாமலை மன்றம் ஆகியவை இவர் பெயரைத் தாங்கியுள்ளன.

பர்மாத் தொழிலின் வீழ்ச்சி

1930 களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்ப இயலாத உழவர்களின் நிலங்கள் கடன் கொடுத்தவர்களிடம் சேர்ந்தன. கீழைப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930 இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் நிலவுடைமை, 1930 களின் இறுதியில் ஏறத்தாழ 25 விழுக்காடாக உயர்ந்தது. நகரத்தார் கைக்கு வந்தது பணமன்று, விற்க இயலாத நிலமே ஆகும். பர்மிய உழவர்களுக்கோ அது தலைமுறைச் சொத்தின் இழப்பாக இருந்தது. இதனால் எழுந்த கசப்பு அந்நாட்டு அரசியலிலும் எதிரொலித்தது. 1942 இல் சப்பானியப் படையெடுப்பின்போது பெரும்பாலோர் நாடு திரும்பினர். விடுதலைக்குப் பின் 1948 இல் இயற்றப்பட்ட நில நாட்டுடைமைச் சட்டத்தால் எஞ்சிய நிலங்களும் கைவிட்டுப் போயின. செட்டிநாட்டில் இன்று பூட்டிக் கிடக்கும் பல பெரிய வீடுகள் இவ்வீழ்ச்சியின் அடையாளங்களாகும்.

அடுத்த தலைமுறைகள்

* ராஜா சர் முத்தையா செட்டியார் (1905–1984): அண்ணாமலை செட்டியாரின் மூத்த மகன். 1933 இல் சென்னை மாநகராட்சியின் தலைவர் பதவி "மேயர்" எனப் பெயர் மாற்றப்பட்டபோது முதல் மேயரானார். நீதிக்கட்சி அமைச்சரவையிலும் இடம்பெற்றார்.
* எம். ஏ. சிதம்பரம் (1918–2000): முத்தையா செட்டியாரின் தம்பி, தொழிலதிபர். இந்தியத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராக இருந்தவர். சேப்பாக்கம் விளையாட்டரங்கம் இவர் பெயரால் வழங்குகிறது.
* எம். ஏ. எம். இராமசாமி (1931–2015): முத்தையா செட்டியாரின் மகன். குதிரைப் பந்தயத்தில் புகழ்பெற்றவர். 2004 முதல் 2010 வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார்.

அயல்நாட்டு வட்டித் தொழில் முடிவுற்றபின் இக்குடும்பத்தினர் உள்நாட்டுத் தொழில்துறையில் முதலீடு செய்தனர். 1962 இல் தொடங்கப்பட்ட செட்டிநாடு சிமெண்டு நிறுவனம் இதற்கு எடுத்துக்காட்டாகும்.

பட்டமும் உரிமையும்

1950 இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 18 ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்தது. எனினும் "செட்டிநாட்டு அரசர்" என்னும் பெயர் மக்கள் வழக்கில் தொடர்ந்தது. பல்கலைக்கழகத்தில் குடும்பத்துக்கு இருந்த உரிமை அதற்குப் பின்னரும் நெடுங்காலம் நீடித்தது. கடுமையான நிதி நெருக்கடியைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு 2013 இல் தனிச் சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தை நேரடிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இதனுடன் குடும்பத்தின் இணைவேந்தர் உரிமை முடிவுற்றது. பல்கலைக்கழகம் நிறுவனரின் பெயரிலேயே இயங்கி வருகிறது.