நாயனார் என்னும் சொல்

சமயப் பெரியோரைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களுள் 'நாயனார்' என்பது தனிச் சிறப்புடையது. நாயன் என்றால் தலைவன், ஆண்டவன் என்று பொருள். 'ஆர்' மரியாதை விகுதி. ஒடுக்கப்பட்ட நம் மக்களிடையே தோன்றிய திருநாளைப்போவாரும் இப்பெயராலேயே வணங்கப்படுகின்றார். ஆதலின் இச்சொல்லின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் கடமையாகும்.

பிற்காலச் சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் கோயில் கொண்ட சிவபெருமானே நாயனார் எனக் குறிக்கப்படுகின்றார். வைணவத்திலும் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் என்னும் ஆசாரியர் விளங்கினார். தமிழ்ச் சமணரிடையே இது நயினார் என வழங்குகிறது. திருவள்ளுவரையும் முன்னோர் நாயனார் என்றே போற்றினர்.

சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அடியார்களை வணங்கிப் பாடினார். நம்பியாண்டார் நம்பி அதனை விரித்தார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணமாக்கினார். சுந்தரரையும் அவர்தம் பெற்றோரையும் சேர்த்து 63 பேர் நாயன்மார் எனப்பட்டனர். தொண்டர்க்கு ஆண்டவன் பெயரே வழங்கலாயிற்று. அரசரும் அந்தணரும் வேடரும் குயவரும் வண்ணாரும் அவ்வரிசையில் ஒருங்கே நிற்கின்றனர்.

ஆனால் பெயரளவில் கிட்டிய சமத்துவம் வாயிலில் கிட்டியதா? ஆதனூர் நந்தனார் கோயில் பேரிகைக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்தார். அவர் தந்த பொருள் உள்ளே சென்றது. அவர் வெளியே நின்றார். திருப்புன்கூரில் நந்தி விலகியது. எனினும் அவர் புறத்தே நின்றே தரிசித்தார். தில்லையில் தீயில் மூழ்கி, பூணூலும் சடையும் கொண்ட முனிவராய் எழுந்த பின்னரே உட்புகுந்தார் என்கிறது பெரியபுராணம். பிறந்த உடலோடு அவர் ஏற்கப்படவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. பண்ணையார் வேதியர் அவரைத் தடுத்த கதையோ சேக்கிழாரில் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனையில் சேர்த்தது அது.

தீக்குளியாமல் ஆலயம் புகும் உரிமை நெடுங்காலம் கழித்தே வந்தது. 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் பிறந்தது.

இவற்றிற்கெல்லாம் முன்னரே, 1916இல், சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்வி நிலையம் கண்டார். தில்லை வாயிலில் நின்றவரின் பெயர் அவ்வூரிலேயே பள்ளியின் பெயராயிற்று. அடியார்க்கு நாம் செய்யத்தக்க வழிபாடு இதுவே. வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கமும் அவ்வழியில் வந்ததே. இளைஞர்களே, நாயனார் என்பது வணங்குதற்குரிய சொல் மட்டுமன்று. தலைவன் என்னும் அதன் பொருளைக் கல்வியால் நமதாக்கிக் கொள்வோமாக.